எடைக் குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகு குடி: விடுவதா, தள்ளிப்போடுவதா, மாற்றிக் குடிப்பதா?

பேரியாட்ரிக் ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறவர்கள் டாக்டரிடம் எல்லாவற்றையும் கேட்பார்கள். புட்டு எப்போது, மீன்கறி எப்போது, எத்தனை நாளில் பைக் ஓட்டலாம். "எப்போ மறுபடி ஒரு பெக் எடுக்கலாம்?" என்பதை மட்டும் கேட்க மாட்டார்கள். பக்கத்தில் மனைவியோ அம்மாவோ இருப்பார்கள், எப்படிக் கேட்பது? அந்தக் கேள்வி கடைசியில் கூட்டாளிகளிடமும் மச்சான்மாரிடமும் போய்ச் சேரும்.

எங்கள் வீட்டில் 'ஸ்லீவ்' என்ற, வயிற்றின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் ஆபரேஷனைச் செய்துகொண்டது என் மச்சான். கத்தாரில் வேலை. லீவில் வந்தபோது திருவனந்தபுரத்தில் செய்துகொண்டார். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்துக்காரர்கள் பெரிய ஆபரேஷன் என்றால் கேரள எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டுவது புதிதல்ல. டிஸ்சார்ஜ் தாளில் குடியைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது. அதனால் கேள்வி என்னிடம் வந்தது. படித்துப் பார்த்ததையும் டாக்டர்களிடம் கேட்டதையும் வைத்து, நம் ஊரில் பேசப்படும் வழிகளை இங்கே ஒப்பிடுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முன்பு வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை குடித்தவர் என்றால் முழுசாக விடுவதுதான் நல்லது. அது மற்ற வழிகளைவிட லேசானதும்கூட.

உடம்பில் என்ன மாறுகிறது

வயிற்றை நம் ஊர்க் குளம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் ஒரு மதகு. குடித்தது சாப்பாட்டோடு கலந்து குளத்தில் கொஞ்ச நேரம் தேங்கும். மதகு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சிறுகுடலுக்குத் திறந்துவிடும். தேங்கி நிற்கும் நேரத்தில் வயிற்றுச் சுவரிலுள்ள ஒரு நொதி ஆல்கஹாலில் ஒரு சிறு பங்கை அங்கேயே உடைத்துவிடும். ஸ்லீவில் குளத்தின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்தாகிவிட்டது. மதகு இருக்கிறது, ஆனால் குளம் ஒடுங்கிப்போனதால் தண்ணீர் சீக்கிரம் வடிகிறது. இன்னொரு வகை ஆபரேஷனான வயிற்று பைபாஸில் சுமார் 30 மில்லி கொள்ளும் சின்னப் பையை மட்டும் விட்டு, அதை நேரே சிறுகுடலில் தைத்துவிடுகிறார்கள். அங்கே மதகே கிடையாது.

இதன் விளைவை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அளந்து பார்த்து 2011ல் வெளியிட்டார்கள். பைபாஸ் செய்துகொண்ட 19 பேருக்கு ஆளுக்கு 150 மில்லி அளவு சிவப்பு ஒயின் கொடுத்தார்கள். ஆபரேஷனுக்கு முன் அதைக் குடித்தபோது 100 மில்லி இரத்தத்தில் ஆல்கஹால் சராசரியாக 24 மில்லிகிராம் வரை ஏறியது. ஆபரேஷன் முடிந்து மூன்றாம் மாதம் அதே ஒயினுக்கு 59. ஆறாம் மாதம் 88. போதை தெளிய ஆபரேஷனுக்கு முன் 49 நிமிடம் ஆனது, ஆறாம் மாதத்தில் 88 நிமிடம் ஆனது.

நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் வண்டி ஓட்டுபவருக்கு எல்லை 30 மில்லிகிராம். அதாவது, முன்பு எல்லைக்குள் நின்ற அதே ஒரு கிளாஸ் ஒயின் இப்போது எல்லையைப் போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. 19 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனால் 2015ல் செயின்ட் லூயிஸில் இருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகம் பெண்களை வைத்துச் செய்த ஆய்வும் இதையேதான் சொன்னது: பைபாஸ் ஆனவருக்கு இரண்டு டிரிங்க், ஆகாதவருக்கு நான்கு டிரிங்க் மாதிரி ஏறியது. ஸ்லீவ் ஆனவர்களுக்கும் இதே மாதிரி வேகமாக ஏறுகிறது என்று பின்னால் வந்த ஆய்வு காட்டியது. "ஸ்லீவ்தானே, பைபாஸ் மாதிரி இல்ல" என்ற சமாதானம் இதில் செல்லாது.

மூன்றாம் மாதத்தைவிட ஆறாம் மாதம் அதிகம் என்பதைக் கொஞ்சம் மனதில் வையுங்கள். அடுத்து வரும் வழிக்கு அது தேவைப்படும்.

வழி ஒன்று: ஒரு வருஷம் தள்ளிப்போட்டு, பிறகு விசேஷத்துக்கு மட்டும்

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் அதிகம் பேர் எடுக்கும் வழி இது. டாக்டர்கள் ஆறு மாதம் என்பார்கள், ஒரு வருஷம் என்பார்கள். அந்தக் கெடு எதற்கு? தையல் ஆற வேண்டும். உடம்பு வேகமாக இளைக்கும் காலத்தில் தண்ணீரும் புரதமும் போதுமான அளவு உள்ளே போக வேண்டும். இருக்கிற கொஞ்ச இடத்தைக் குடி அடைத்துக்கொள்ளக் கூடாது. கொழுப்பு படிந்த ஈரலுக்கு ஓய்வு வேண்டும். எல்லாம் நியாயம். ஆனால் கெடு முடிந்ததும் பழைய வயிறு திரும்பி வந்துவிடும் என்று அதில் எங்கேயும் இல்லை. ஒடுங்கிய குளம் பழைய குளமாக ஆகப் போவதில்லை. சட்டென்று ஏறும் தன்மை அப்படியேதான் இருக்கும்.

கேட்பவர் காதில் மட்டும் வேறு மாதிரி விழுகிறது. கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், பந்தலுக்குப் பின்னால், மாமா ஒருவர் பிளாஸ்டிக் டம்ளரை நீட்டுவார்: "மக்கா, டாக்டரு ஒரு வருசம்னுதானே சொன்னாரு? வருசம் ஆயிட்டுல்லா? எடுடே." அவருக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. கணக்குப்படி வருஷம் ஆகித்தான் இருக்கும்.

சிக்கல் தொடங்குவதும் அந்த வருஷத்துக்குப் பிறகுதான். அமெரிக்காவில் பத்து ஆஸ்பத்திரிகளில் எடை ஆபரேஷன் செய்துகொண்டவர்களைத் தொடர்ந்து பார்த்த ஒரு பெரிய ஆய்வு, 2012ல் இப்படிச் சொன்னது: ஆபரேஷனுக்கு முந்தைய வருஷம் குடியால் பிரச்சினை இருந்தவர்கள் 7.6 சதவீதம், முதல் வருஷம் 7.3, இரண்டாம் வருஷம் 9.6. முதல் வருஷத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாது. டாக்டரிடம் அடிக்கடி போவார்கள், எடை மளமளவென்று குறையும், வீட்டில் எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள். இரண்டாம் வருஷம் செக்கப் குறையும், எடை ஓரிடத்தில் நிற்கும், கவனமும் தளரும். அதே ஆட்களை இன்னும் பின்தொடர்ந்து 2017ல் வந்த கணக்கில், முன்பு பிரச்சினையே இல்லாமல் பைபாஸ் செய்துகொண்டவர்களில் 20.8 சதவீதம் பேருக்கு ஐந்து வருஷத்துக்குள் குடிநோயின் அறிகுறிகள் புதிதாக வந்திருந்தன. வயிற்றை வெட்டாமல், குடலையும் தொடாமல், உள்ளே வயிற்றைச் சுற்றி ஒரு பட்டை மட்டும் கட்டிக்கொண்டவர்களில் அது 11.3 சதவீதம். பட்டை கட்டும் ஆபரேஷன் இப்போது அநேகமாக வழக்கொழிந்துவிட்டது. ஆனாலும் இந்த இரண்டு எண்களின் இடைவெளி நமக்கு உதவும். மெலிந்த சந்தோஷத்தில் குடிக்கிறார்கள் என்று மட்டும் இருந்தால் இரண்டு கூட்டமும் ஒரே மாதிரி இருந்திருக்க வேண்டும். குடலின் பாதை மாறியதற்கும் இதில் பங்கு இருக்கிறது. ஆண்கள், வயது குறைந்தவர்கள், பீடி சிகரெட் பிடிப்பவர்கள், முன்பே வாடிக்கையாகக் குடித்தவர்கள் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல் என்றும் அந்த ஆய்வு சொன்னது.

கல்ஃப் லீவுக்காரர்களுக்கு இன்னொரு கஷ்டம். கத்தாரில் பெர்மிட் இல்லாமல் பாட்டில் வாங்க முடியாது. பத்து பதினொரு மாதம் ஒரு சொட்டு இல்லை. பிறகு டியூட்டி ஃப்ரீயில் வாங்கிய இரண்டு லிட்டரோடு ஊரில் வந்து இறங்கி, நாற்பது நாள் லீவில் எல்லா விசேஷமும் சேர்ந்துவிடும். "நான் எப்பவாவதுதானே" என்று சொல்பவர்களில் பலர் இந்த ரகம். வருஷக் கணக்கில் குறைவுதான். ஒரு சாயங்காலக் கணக்கில் பார்த்தால் இதுதான் அதிகம், மாறிய வயிறு தாங்காததும் இதைத்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் இந்த வழியைத்தான் எடுப்பேன் என்பவருக்கு நான் சொல்வது: முன்பு எப்போதாவது மட்டும் குடித்தவராக இருந்து, ஈரல் சோதனை சரியாக இருந்து, டாக்டரிடம் வாய்விட்டுக் கேட்டுச் சம்மதமும் வாங்கியிருந்தால், 30 மில்லியோடு நிறுத்துங்கள். சாப்பிட்ட பிறகு, உட்கார்ந்து, மெதுவாக. வண்டிச் சாவியை வேறு ஒருவரிடம் கொடுத்துவிட வேண்டும், பைக்காக இருந்தாலும் சரி. வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒளித்துக் குடிக்க வேண்டிய நிலை வந்துவிட்டால் இந்த வழி உங்களுக்கு உதவவில்லை என்று அர்த்தம்.

வழி இரண்டு: பிராந்தியை விட்டு வேறொன்றுக்கு மாறுவது

"ஹாட் வேண்டாம், பீர் மட்டும்" என்பது கேட்க நன்றாக இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். டாஸ்மாக் பிராந்தி 42.8 சதவீதம். குவார்ட்டரை இருவர் பங்கு போட்டால் ஆளுக்கு 90 மில்லி, அதாவது ஒரு கட்டிங். அதில் சுத்த ஆல்கஹால் சுமார் 30 கிராம். 650 மில்லி ஸ்ட்ராங் பீர் 8 சதவீதம் என்றால் அதில் சுமார் 41 கிராம். ஒரு பாட்டில் ஸ்ட்ராங் பீர் ஒரு கட்டிங்கைவிடக் கனமானது. 5 சதவீத லைட் பீர் என்றாலும் 25 கிராமுக்குமேல் வந்துவிடும். இதோடு கேஸ் வேறு. சின்ன வயிற்றில் பீர் நுரை போய் உப்பினால் நெஞ்சு அடைக்கும், புளிச்ச ஏப்பம் வரும். ஸ்லீவ் ஆனவர்களுக்கு ஏற்கெனவே நெஞ்செரிச்சல் சகஜம், அதை இது கூட்டும். பீர் பாதுகாப்பானது என்ற நம்பிக்கையை விட்டுவிடலாம்.

ஒயின் நம் ஊரில் கடைச் சரக்கைவிட வீட்டுச் சரக்கு. டிசம்பர் வந்தால் குளச்சல், முட்டம், கருங்கல் பக்கமெல்லாம் பரணியில் திராட்சையும் சர்க்கரையும் ஊறும். கேக்கோடு ஒரு கிளாஸ் தராமல் விடமாட்டார்கள், அதைக் குடி என்றே யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அந்தப் பரணியில் எத்தனை சதவீதம் என்று ஊற்றியவருக்கே தெரியாது. கடை ஒயின் 12 சதவீதம் என்று வைத்தால் 150 மில்லியில் 14 கிராம் ஆல்கஹால். வீட்டு ஒயினில் மிச்சமிருக்கும் சர்க்கரைதான் கூடுதல் வம்பு. பைபாஸ் ஆனவர் வெறும் வயிற்றில் இனிப்பான ஒன்றைக் குடித்தால் கொஞ்ச நேரத்திலேயே படபடப்பு, வியர்வை, வயிற்றைப் பிசைதல், வயிற்றுப்போக்கு வரலாம். டம்பிங் என்று டாக்டர்கள் சொல்வது இதுதான். கிறிஸ்துமஸ் அன்றைக்கு மாமியார் வீட்டில் இது வந்தால் நிலைமையை நினைத்துப் பாருங்கள். மரியாதைக்காக ஒரு கிளாஸ் என்றால் உதட்டை நனைத்து வைத்துவிடுங்கள், யாரும் அளந்து பார்க்கப் போவதில்லை.

அப்புறம் கள். தமிழ்நாட்டில் 1987 முதல் தடை. ஆனால் எல்லை தாண்டிப் பாறசாலைப் பக்கம் போனால் கேரளக் கள்ளுக்கடை, கப்பையும் மீன்கறியும். "இயற்கையானது, வயிற்றுக்கு நல்லது" என்று அங்கே போகிறவர்கள் சொல்வார்கள். கள்ளின் வலு ஏறக்குறைய பீர் அளவுதான். இறக்கிய பிறகும் நுரைத்துக்கொண்டே இருக்கும், மதியம் குடிப்பது காலையில் குடித்ததைவிட ஏறியிருக்கும். அளவு தெரியாத ஒன்றை, அளவு தாங்காத வயிற்றுக்குக் கொடுப்பது சரி வராது. திரும்பி வரும் வழியில் களியக்காவிளை நெரிசலில் வண்டி ஓட்ட வேண்டும் என்பது தனிக் கணக்கு. பிடிபட்டால் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ.

கள்ளுக்குப் பதில் அக்கானி, அதாவது பதநீர், நல்லதுதானே என்று அம்மா கேட்டார்கள். கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்குவதால் அது புளிக்காது, போதை கிடையாது. அந்த வகையில் நல்லதுதான். ஆனால் அது சர்க்கரைத் தண்ணீர் மாதிரி இனிப்பு. பனையோலைப் பட்டையில் முழுசாக வாங்கி மடக் மடக்கென்று குடித்தால் மேலே சொன்ன டம்பிங் இதிலும் வரும். மச்சானுக்கு நொங்கு கொடுக்கத் தொடங்கினோம். அது ஒன்றும் செய்யவில்லை.

வழி மூன்று: முழுசாக விடுவது

உடம்புக் கணக்கில் இதற்கு எதிராகச் சொல்ல எதுவும் இல்லை. ஒரு குவார்ட்டரில் ஏறக்குறைய 425 கலோரி. முதல் மாதங்களில் நாள் முழுக்கச் சாப்பிடுவதே ஆயிரம் கலோரியை எட்டாதவருக்கு அது சாப்பாட்டில் பாதி. அதில் புரதம் இல்லை, விட்டமின் இல்லை. குடித்தால் கூடவே நேந்திரங்காய் சிப்ஸும் மிக்சரும் கைக்கு வந்துவிடும், அவை சின்ன வயிற்றிலும் எளிதாக இறங்கும். இத்தனை லட்சம் செலவு செய்து குறைத்த எடை திரும்பி வருவதற்கு இது ஒரு வழி.

கஷ்டம் எல்லாம் ஆட்களிடம்தான். 'ஒரு வருஷம்' என்று சொன்னவரிடம் வருஷம் முடிந்ததும் வருவார்கள், 'ஒரே ஒரு பெக்' என்று சொன்னவருக்கு இரண்டாவதை ஊற்றுவார்கள். 'நான் குடிக்கிறதில்ல' என்று நாலு விசேஷத்தில் சொன்னவரை ஐந்தாவதில் கூப்பிட மாட்டார்கள். லேசான வழி என்று மேலே சொன்னது இதனால்தான்: ஒவ்வொரு தடவையும் புதிதாக முடிவு எடுக்க வேண்டாம், மில்லி கணக்குப் பார்க்க வேண்டாம். ஆரம்பத்தில் ஒரு காரணம் தேவைப்பட்டால் "ஈரலுக்கு மருந்து எடுக்கேன் மாமா" என்றால் போதும், யாரும் மேலே கேட்பதில்லை. பைபாஸ் ஆனவர்களுக்கு இன்னும் வசதி. ஊரில் பைபாஸ் என்றாலே நெஞ்சு ஆபரேஷன் என்றுதான் நினைப்பார்கள். திருத்த வேண்டாம்.

கையில் ஒரு டம்ளர் இருப்பதும் உதவும். சோடா வேண்டாம், கேஸ். நன்னாரி சர்பத் வேண்டாம், இனிப்பு. மோர், உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீர், கருப்பட்டி போடாத சுக்குக் காப்பி, இவை ஒத்துவரும்.

பழையபடியே குடிப்பது என்று இன்னொரு வழியும் சிலர் மனதில் இருக்கும். அதை ஒப்பீட்டில் சேர்க்க நான் தயாரில்லை.

எந்த வழி எடுத்தாலும் வீட்டில் இருப்பவர் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஆபரேஷன் ஆனவர்களுக்கு, முக்கியமாக பைபாஸில், சாப்பிட்ட ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் சர்க்கரை தடாலென்று இறங்குவது உண்டு. மது, ஈரல் சர்க்கரையை வெளியிடுவதையும் தடுக்கும். இரண்டும் சேர்ந்தால் ஆள் வியர்த்து, நாக்குழறி, தள்ளாடுவார். பார்ப்பவர்கள் "ஏறிட்டு, கிடக்கட்டும்" என்று போர்வையைப் போர்த்திவிட்டுப் போவார்கள். ஒரு துளி இரத்தத்தில் சோதித்துப் பார்த்தால் தெரிந்துவிடும், சர்க்கரை நோயாளி இருக்கும் வீடுகளில் கருவி எப்படியும் இருக்கும். குறைவாக இருந்து, ஆள் விழுங்கும் நிலையில் இருந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கலாம். எழுப்பியும் எழவில்லை என்றால் வாயில் எதுவும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐக் கூப்பிடுங்கள்.

அடிக்கடி வாந்தி எடுக்கிறவர் குடிக்கவும் செய்தால் தயமின் என்ற பி1 விட்டமின் தீர்ந்துபோகும். நடை தள்ளாடுவது, கண் ஒருமாதிரி அலைவது, பேச்சில் குழப்பம் என்று குடிக்காத நாளிலும் தெரிந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. எடை ஆபரேஷன் ஆனதையும் வாந்தியையும் டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள், ஊசி போடத் தாமதமானால் மூளையில் நிரந்தர பாதிப்பு வரலாம். அப்புறம், மறுநாள் தலைவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் வகை மாத்திரைகள். பைபாஸ் ஆனவருக்கு இவை கூடாது, தைத்த இடத்தில் புண் வரும். சிகரெட்டும் குடியும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம்.

ஆபரேஷனுக்கு முன்னால் இருப்பவர்களுக்கு

தினமும் குடிப்பவர் என்றால் ஒப்பிட வேண்டியது இப்போதே ஆபரேஷனா, குடியை நிறுத்திய பிறகா என்பதுதான். இரண்டாவதுதான் சரி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. குடிநோய் ஓடிக்கொண்டிருக்கும்போது பெரும்பாலான சர்ஜன்கள் கத்தியை எடுக்க மாட்டார்கள். மறைத்து உள்ளே போனால், ஆஸ்பத்திரிப் படுக்கையில் திடீரென்று குடி நின்று இரண்டு மூன்று நாளில் கைநடுக்கம், குழப்பம், வலிப்பு வரை போகும். புதுத் தையல் போட்ட வயிற்றோடு அது வேண்டாம். வீட்டிலும் அப்படித்தான், ரொம்ப நாள் தினமும் குடித்தவர் தன்னிச்சையாக ஒரே நாளில் நிறுத்தக் கூடாது, மருந்தின் துணையோடு நிறுத்த வேண்டும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, அங்கே காட்டலாம். நேரில் போகக் கூச்சம் என்றால் 14416 என்ற டெலி மனாஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. குடி மீட்புக்கென்று 14446 என்ற எண்ணும் உண்டு.

ஆபரேஷன் தேதி சில மாதம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். அந்த மாதங்களில் ஈரல் கொஞ்சம் சுருங்கினால் சர்ஜனுக்கும் லேப்ராஸ்கோப்பில் வேலை சுலபமாகும்.